பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்: ஓய்வுக்காலக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வீட்டைப் பற்றியவை. அதனால் அந்தக் கேள்விக்கு இடம் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

போன மாதம் 60 முடிந்து தனியார் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து 55 லட்சம் கையில் இருக்கிறது. எதில் போடலாம்? (நங்கநல்லூர்)

முதல் 30 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். தபால் நிலையத்திலும் தொடங்கலாம், வங்கியிலும் தொடங்கலாம். இதை எழுதும்போது வட்டி 8.2 சதவீதம். கணக்குத் தொடங்கும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடத்துக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும், மாதத்துக்கு 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு என்ன வயது என்று எழுதவேயில்லை. அவருக்கும் 60 ஆகியிருந்தால் அவர் பெயரில் தனிக் கணக்கே தொடங்கலாம். பாதிக் கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் வரும். மீதிப் பணத்தை ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். இன்னொன்று. இந்தப் பணம் வந்த செய்தி உறவுக்குள் பரவியிருக்கும். ஆறு மாதத்துக்கு யாருக்கும் கைமாற்றாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை மறுபடி வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா? (பெரம்பூர்)

இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தியதுதான். கீழ் பர்த் ஒதுக்கீடு மட்டும் உண்டு. சென்னைவாசியானால் மாநகரப் பேருந்துக்கு மாதம் 10 இலவச டோக்கன் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு 61. ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதும் வேலைக்குப் போகிறேன். மகன் சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறான். 'பிள்ளை அனுப்பவில்லையா, இந்த வயதில் எதற்கு வேலை?' என்று சொந்தக்காரர்கள் கேட்பது கஷ்டமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா? (மேற்கு மாம்பலம்)

நிறுத்தாதீர்கள் சார். உங்கள் மகன் இருக்கும் ஊரிலேயே ஓய்வு வயது 2026 ஜூலையிலிருந்து 64. அதன் பிறகும் விருப்பமும் உடல்நலமும் இருந்தால் 69 வரை மறுவேலை தர முதலாளி முன்வர வேண்டும் என்று சட்டம். ஜப்பானில் விரும்புகிறவர்களுக்கு 65 வரை வேலை தந்தாக வேண்டும், 70 வரை தர முயல வேண்டும் என்று 2021-ல் சேர்த்தார்கள். சீனா 1950-களில் வைத்த ஓய்வு வயதை 2025 ஜனவரியில்தான் முதல்முறையாகக் கூட்டத் தொடங்கியது. ஆண்களுக்கு 60 என்பது 15 வருடத்தில் படிப்படியாக 63 ஆகும். நம் மாநில அரசு ஊழியர்களுக்கும் 58 என்பது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. எங்கேயும் கணக்கு ஒன்றுதான். முன்பு ஓய்வுக்குப் பிறகு பத்து, பதினைந்து வருடம். இப்போது அது இருபது, இருபத்தைந்து வருடம் வரை நீள்கிறது. உங்கள் சொந்தக்காரர்கள் அந்தப் பழைய பத்து வருடத்தை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். உங்களுக்கு வேலை பிடித்திருக்கிறது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு 67. கணவர் இல்லை. கீழும் மேலுமாக வீடு, என் பெயரில் வாங்கியது. மாடி வாடகையில்தான் செலவு ஓடுகிறது. மகன் வீட்டை இப்போதே தன் பெயருக்கு மாற்றி செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடச் சொல்கிறான். செலவு குறைவு, உயில் என்றால் பின்னால் தங்கை கேஸ் போடுவாள் என்கிறான். நல்ல பிள்ளைதான். எழுதிக் கொடுக்கட்டுமா? (வில்லிவாக்கம்)

வேண்டாம் அம்மா. பல வருடமாக இதையேதான் எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன். உயிரோடு இருக்கும்போது குடியிருக்கும் வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள்.

செலவு குறைவு என்று உங்கள் மகன் சொல்வது சரி. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10 ஆயிரம். கோடி ரூபாய் வீடு ஐம்பதாயிரத்தில் கைமாறிவிடும். ஆனால் உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் அப்படியல்ல. பதிவாகி அவர் ஏற்றுக்கொண்ட பிறகு, மனம் மாறிவிட்டது என்று நீங்களாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

நல்ல பிள்ளை என்கிறீர்கள். என் பெரியம்மாவின் மகனும் நல்ல பிள்ளைதான். திருவல்லிக்கேணியில் திண்ணை வைத்த வீடு. பெரியப்பா காலமான மறுவருடம் பெரியம்மா அதை மகனுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று வருடத்தில் தொழிலில் நஷ்டம் வந்து அண்ணன் வீட்டை பில்டருக்கு விற்றார். அவர் கெட்டவர் இல்லை, கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். அதன் பிறகு பெரியம்மா மூன்று பிள்ளைகள் வீட்டில் நாலு நாலு மாதம் என்று ஒரே பெட்டியோடு சுற்றினார். எங்கே போனாலும் முதல் நாளே 'அடுத்தது எப்போது கிளம்பணும்?' என்று கேட்பார். நான் இந்த வேலைக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான்.

2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறதே என்று சிலர் எழுதுவார்கள். இருக்கிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கோரி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுக்கலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினாலும் பாசத்தினாலும் கொடுத்ததில் அந்த நிபந்தனை அடங்கியே இருக்கிறது என்று தீர்ப்பளித்தது. பெற்றவர்களுக்கு ஆறுதலான தீர்ப்பு. ஆனால் 75 வயதில் மூட்டுவலியோடு ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறி, பெற்ற பிள்ளைக்கு எதிராகக் கையெழுத்துப் போடும் தாய்மார்களை நான் கூட்டிப் போயிருக்கிறேன். வழக்கில் ஜெயித்து வீடு திரும்பியவர்களும் அழுதுகொண்டேதான் திரும்பினார்கள்.

கொரியாவைப் பாருங்கள். சம்பாதித்ததையெல்லாம் பிள்ளைகளின் படிப்பில் போட்ட தலைமுறை அங்கேயும் உண்டு. தேசிய ஓய்வூதியம் 1988-ல்தான் வந்தது. இன்று 65 தாண்டியவர்களில் பத்துக்கு நாலு பேர் வறுமையில் இருக்கிறார்கள். அதனால்தான் 2007-லிருந்து அங்கே வீட்டை வைத்தே மாதப் பணம் பெறும் ஏற்பாடு இருக்கிறது. கடைசி வரை அதே வீட்டில் இருக்கலாம், மாதாமாதம் பணமும் வரும். நம் நாட்டிலும் அதே வருடம் ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்ற பெயரில் இதே மாதிரி ஏற்பாட்டை அறிவித்தார்கள். வீட்டை அடகு வைத்தார் என்று ஊர் பேசுமே, பிள்ளைக்கு விட்டுப் போகாமல் எப்படி என்ற தயக்கத்தில் அதைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மனம், பத்திரத்தையே தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் தயங்குவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உயில் எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு, ஏன் என்று அதிலேயே தெளிவாக எழுதிப் பதிவு செய்யுங்கள். மகளையும் மகனையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். தங்கை கேஸ் போடுவாள் என்ற பயத்துக்கு அதுதான் மருந்து. மகனுக்குப் பணம் தேவையென்றால் அவர் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கட்டும். எல்லாம் மீறி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையும் மாடி வாடகையும் உங்களுக்கே என்றும், பராமரிக்காவிட்டால் ரத்து என்றும் வரிவரியாக எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் உங்களுடையவராக இருக்க வேண்டும், மகன் கூட்டி வருபவர் வேண்டாம்.

ஓய்வு பெற எனக்கு எவ்வளவு பணம் வேண்டும்? (தாம்பரம்)

கடிதம் முழுவதுமே இந்த ஒரு வரிதான். வயது, வாடகையா சொந்த வீடா, பென்ஷன் உண்டா, எதுவும் இல்லை. மூன்று மாதம் வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதுங்கள், பால் பாக்கெட்டிலிருந்து மாத்திரை வரை. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் அந்தச் செலவு 12 வருடத்தில் இரட்டிப்பாகும். அந்த நோட்டோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 68. சர்க்கரை உண்டு. இந்த வயதில் ஹெல்த் இன்சூரன்ஸ் கொடுப்பார்களா? (போரூர்)

கேட்டுப் பாருங்கள். 65-க்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்ற வயது வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. சர்க்கரையை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் பணம் கேட்கும் நாளில் கைவிரிப்பார்கள். பாலிசி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு அரசு மருத்துவமனை 2024-லிருந்து இயங்குகிறது. ஒருமுறை அழைத்துப் போய்ப் பாருங்கள்.

அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 74. இருவரும் கோவையில் ஒரு சீனியர் லிவிங் குடியிருப்புக்குப் போகிறோம் என்கிறார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை. பெற்றோரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டாள் என்று பேசுவார்களே என்று தூக்கம் வரவில்லை. (திருவான்மியூர்)

உங்கள் தூக்கத்துக்காக அவர்கள் போகாமல் இருக்க முடியாது அம்மா. பிள்ளைகள் வீட்டு அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாழ்வதைவிட, சொந்தச் சாவியும் சாயங்காலம் பேச நாலு பேரும் வேண்டும் என்று எழுபது வயதுக்காரர்களே எனக்கு எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் பெற்றோரைப் பராமரிக்க 1995-லேயே சட்டம் போட்டார்கள். சீனாவில் 2013 முதல், தனியே வசிக்கும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதே சட்டம். உங்களைப் போல் கவலைப்படும் மகளுக்கு அந்தச் சட்டமெல்லாம் தேவையில்லை. மாதம் ஒருமுறை ரயில் ஏறுங்கள்.

ஒப்பந்தத்தை மட்டும் நீங்கள் படியுங்கள். டெபாசிட் எவ்வளவு, திரும்ப வருமா, எத்தனை நாளில்? மாதக் கட்டணம் வருடம் எவ்வளவு ஏறும்? ஒருவர் படுக்கையில் விழுந்தால் அங்கேயே பார்ப்பார்களா, வேறு இடம் தேடச் சொல்வார்களா? ஒருவர் காலமானால் மற்றவர் அதே வீட்டில் தொடரலாமா? முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். சென்னை வீட்டை அதற்குள் விற்க வேண்டாம். உங்கள் பெயருக்கு எழுதித் தரவும் விடாதீர்கள்.

உயிலுக்கு எத்தனை சாட்சி? எழுதி லாக்கரில் வைத்தால் போதுமா? (புரசைவாக்கம்)

இரண்டு சாட்சி. உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாக இருக்கட்டும். ஒருவர் உங்கள் டாக்டராக இருந்தால் நல்லது. லாக்கர் உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் அதில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு அதைத் திறக்கவே பிள்ளைகள் வங்கிக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். லாக்கருக்கு நாமினி போட்டுவிட்டு, உயில் வைத்த இடத்தை இன்று இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்.