பார்டர்–கவாஸ்கர் கோப்பை என்கிறார்களே, அந்தப் பார்டர் அப்படி என்ன சாதித்துவிட்டார்?

2025 ஜனவரியில் சிட்னியில், இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கான இந்தக் கோப்பையைக் கொடுக்க, ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் ஆலன் பார்டரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அதே மைதானத்தில் இருந்த கவாஸ்கரைக் கூப்பிடவில்லை. அதிலிருந்து நம்ம ஊர்ப் பையன்களுக்குப் பார்டர் மேல் ஒரு கடுப்பு. “கவாஸ்கரைத் தெரியும், பார்டர் யார், இரண்டு பேரில் யார் பெரிய ஆள்?” என்று நீங்கள் கேட்டிருப்பதிலும் அது கொஞ்சம் தொனிக்கிறது. கூப்பிடாமல் விட்டது விழா நடத்தியவர்கள் வேலை. அதை ஓரமாக வைத்துவிட்டு ஆளைப் பற்றிப் பேசுவோம்.

கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 156 டெஸ்ட், 11,174 ரன், சராசரி 50.56, சதம் 27. அதில் 153 டெஸ்ட் இடைவிடாமல் ஆடியவை. 93 டெஸ்டுக்குத் தொடர்ந்து கேப்டன். கவாஸ்கரின் 10,122 ரன் சாதனையை 1993இல் கிறைஸ்ட்சர்ச்சில் தாண்டியவர் இவர்தான். 2005இல் வெஸ்ட் இண்டீஸின் லாரா வந்து தாண்டும்வரை அந்த இடம் இவருடையது. ஒரே டெஸ்டின் இரண்டு இன்னிங்ஸிலும் 150 எடுத்தவர், 2025இல் நம்ம சுப்மன் கில் எடுக்கும்வரை, இவர் ஒருவர்தான்: 1980இல் லாகூரில் 150 நாட் அவுட், 153.

ஆனால் பார்டரை இந்த எண்களை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. எந்த அணியில் நின்று எடுத்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1984 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெரிய தலைகளான கிரெக் சாப்பல், லில்லி, ராட் மார்ஷ் மூன்று பேரும் ஒரே டெஸ்டோடு விடைபெற்றார்கள். அதே வருடம் நவம்பரில் கேப்டன் கிம் ஹியூஸ், பத்திரிகையாளர்கள் எதிரிலேயே அழுதபடி பதவியை விட்டுப் போனார். அடுத்து, நிறவெறிக்காகத் தடையிலிருந்த தென்னாப்பிரிக்காவுக்குப் பணத்துக்காக ஒரு கூட்டமே கிளம்பியது. மிச்சம் இருந்ததை வாரிக் கட்டிப் பார்டர் கையில் கொடுத்தார்கள். அவர் கேட்ட பதவியும் இல்லை அது. மூன்று வருடம் ஒரு டெஸ்ட் தொடர்கூட ஜெயிக்கவில்லை. நியூசிலாந்திடம் உள்ளூரிலும் தோற்றார்கள், அங்கே போயும் தோற்றார்கள். வெறுத்துப்போய் விலகிவிடுவேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

அந்த நிலைமையில்தான் 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்துக்கு வந்தார். நான் கடலூர் மஞ்சக்குப்பம். சென்னையில் டெஸ்ட் என்றால் எங்கள் தெருவில் டீக்கடை, சைக்கிள் கடை எல்லாவற்றிலும் தமிழ் வர்ணனைதான் ஓடும். என் மாமாவுக்குப் பார்டரை ஏற்கெனவே தெரியும். 1979இல் இதே சேப்பாக்கத்தில் அடித்த 162ஐ நேரில் பார்த்தவர். “குள்ளமா ஒரு லெஃப்ட் ஹேண்டர்டா, அவனைப் பெயர்க்கவே முடியாது” என்பார். இந்த முறை 106. ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் சதத்தைவிட டீன் ஜோன்ஸின் 210தான் கதை. வெயிலும் புழுக்கமும் பக்கிங்காம் கால்வாய் நாற்றமும் சேர்ந்து, ஜோன்ஸ் பிட்ச் ஓரத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு ஆடினார். இனி முடியாது, வெளியே போகிறேன் என்றபோது எதிர்முனையில் நின்ற பார்டர், சரி போ, கெட்டியான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச் சொல்கிறேன் என்றாராம். ஜோன்ஸ் விக்டோரியாக்காரர். ரோஷம் வந்து நின்றார். அவுட்டான பிறகு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு கேப்டன் இப்படிப் பேசினால் தப்பு என்றுதான் சொல்வேன். அன்றைக்கும் தப்புதான். ஆனால் கூட விளையாடுபவனை எங்கே தொட்டால் எழுந்து நிற்பான் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடைசி நாள். இரண்டாவது இன்னிங்ஸில் 170க்கு ஐந்து விக்கெட்தான் போயிருந்தது. பாதுகாப்பாக மதியம்வரை ஆடி டிரா பண்ணியிருக்கலாம். ஜெயித்தே பழக்கமில்லாத அணிக்கு டிராவே லாபம். பார்டர் முந்தின நாள் ஸ்கோரிலேயே டிக்ளேர் செய்து, முழு நாளையும் கொடுத்து 348 அடியுங்கள் பார்ப்போம் என்றார். கவாஸ்கர் 90 அடித்தார். கடைசி ஓவரில் நாலு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். சாஸ்திரி ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு மறுமுனைக்குப் போக, கிரெக் மேத்யூஸ் பந்தில் மனீந்தர் எல்.பி.டபிள்யூ. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை. அது அவுட்டே இல்லை என்று மாமா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த வருடம் உலகக் கோப்பையில் இரண்டு அணிக்கும் முதல் ஆட்டம், அதே மைதானத்தில். ஜோன்ஸ் அடித்த ஒரு பந்துக்கு நடுவர் கொடுத்த நாலு, இடைவேளையில் கபில்தேவ் சம்மதத்தோடு ஆறானது. ஸ்கோர் 268 என்பது 270 ஆயிற்று. நாம் 269க்கு ஆல் அவுட். கடைசி விக்கெட், பாவம், மறுபடி மனீந்தர். கபிலின் பெருந்தன்மையைப் பாராட்டுவதா நொந்துகொள்வதா என்று எங்கள் தெருவில் பெரிய சண்டையே நடந்தது. அந்த ஒரு ரன்னில் பிடித்த வேகம் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் வரை போனது. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து நன்றாக விரட்டிக்கொண்டிருந்தபோது பார்டரே பந்தை எடுத்தார். அவருடைய முதல் பந்திலேயே இங்கிலாந்து கேப்டன் கேட்டிங் ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் போய் மாட்டினார். ஏழு ரன்னில் கோப்பை. 1989இல் இங்கிலாந்துக்கே போய் அவர்களோடு ஆடும் ஆஷஸ் டெஸ்ட் தொடரை 4-0 என்று ஜெயித்தார். ஸ்டீவ் வா, மார்க் டெய்லர், ஹீலி, வார்ன் என்று பிறகு உலகத்தையே ஆண்ட கூட்டத்தில் பலர் முதல் டெஸ்ட் ஆடியது இவர் தலைமையில்தான்.

அழகான ஆட்டக்காரர் இல்லை. முன்காலில் கவர் டிரைவ் பார்த்து ரசிக்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் டேவிட் கோவரிடம் போங்கள். இவரிடம் இருந்தது கட், புல், பிறகு பிடிவாதம். 1984இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வெஸ்ட் இண்டீஸின் கார்னர் வகையறா வேகவீச்சை எதிர்த்து 98 நாட் அவுட், 100 நாட் அவுட். இரண்டாவது முறை கடைசி ஆள் ஆல்டர்மேனை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து ஆட்டத்தைக் காப்பாற்றினார். பலவீனமான அணியில் ஆடுகிறவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். நம்ம புதுச்சேரி அணி 2018-19இல்தான் ரஞ்சிக்குள் வந்தது. துத்திப்பட்டு மைதானத்தில் ஆடும் பையன்களுக்கு நான் கோலியைவிடப் பார்டரின் ஆட்டங்களைத்தான் போட்டுக் காட்டுவேன்.

குறையும் உண்டு. ‘கேப்டன் கிரம்பி’ என்று பெயர் வாங்கும் அளவுக்குச் சிடுசிடுப்பு. 1989இல் இங்கிலாந்தின் ராபின் ஸ்மித் தண்ணீர் கேட்டதற்குக்கூட விடவில்லை. வெஸ்ட் இண்டீஸை ஒரு டெஸ்ட் தொடரில்கூட அவரால் ஜெயிக்க முடியவில்லை. 1993 ஜனவரியில் அடிலெய்டில் ஒரே ரன்னில் தோற்று, அடுத்த பெர்த் டெஸ்டில் ஆம்புரோஸிடம் தொடரையும் விட்டார். அவரால் முடியாத அந்த வேலையை முடித்தது அடுத்த கேப்டன் டெய்லர், 1995இல், கிங்ஸ்டனில் ஸ்டீவ் வா அடித்த 200ஐ வைத்து.

இனி யார் பெரிய ஆள் என்ற கேள்வி. ஹெல்மெட் போடாமல் புதுப் பந்தைச் சந்தித்த தொடக்க ஆட்டக்காரராகக் கவாஸ்கர்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கேப்டனாக என்றால் பார்டர். கவாஸ்கர் 47 டெஸ்டுக்குத் தலைமை தாங்கியதில் 30 டிரா, வெற்றி 9. பார்டருக்கு 93இல் 32 வெற்றி. அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டே அவர் அடித்த ரன்னின் சராசரி 50.94, அதாவது மொத்தச் சராசரியைவிடச் சற்று அதிகம்.