உயிரும் மெய்யும் வாயில் எப்படிப் பிறக்கின்றன?

"உயிரெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் வாயில் என்னதான் வித்தியாசம், எனக்கு ழ ஏன் வரமாட்டேன் என்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் புதுச்சேரி என்பதால் ஊரை வைத்தே சொல்கிறேன்.

நுரையீரலிலிருந்து வரும் காற்று தொண்டையிலுள்ள குரல்நாண்களை அதிர வைக்கிறது, ஆண்களுக்குச் சராசரியாக நொடிக்குச் சுமார் 120 முறை, பெண்களுக்கு 200 முறை. அது வெறும் ரீங்காரம்தான், எழுத்தாக்குவது வாய். காற்றைத் தடுக்காமல் நாக்கையும் உதட்டையும் மட்டும் மாற்றினால் உயிர். எங்காவது அடைத்தாலோ நெருக்கினாலோ மெய்.

இ சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவித்துப் பாருங்கள். தமிழில் இல்லாத ஓர் உயிர் வரும். நம் தெருப் பலகைகளில் இருக்கும் 'ரூ' (rue, தெரு) என்ற பிரெஞ்சுச் சொல்லில் இருப்பது அதுதான், நாம் ஊ போட்டுச் சமாளிக்கிறோம்.

அப்புறம் ப, ம. இரண்டுக்கும் உதடு மூடுகிறது, ஆனால் ம-வுக்கு உள்நாக்குப் பக்கம் உள்ள மெல்லண்ணம் இறங்கி மூக்கு வழியைத் திறந்துவிடுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு 'அம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும்.

சரி, ழ-வுக்கு வருவோம். 'கடலூர்' என்ற சொல்லில் வரும் ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல் அடியைத் தொடும், காற்று நாக்கின் ஓரங்களில் வழியும். ள-வுக்கு நுனி பின்னால் வளைந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் அதே வளைவுதான், ஆனால் தொடக்கூடாது! நம் பக்கம் பலர் தொட்டுவிடுவதால்தான் வாழை மரம் வாளை மீனாகிவிடுகிறது. முதலில் ள சொல்லுங்கள், நாக்கை அப்படியே ஒரு நூலிழை கீழே இறக்குங்கள், குரலை நிறுத்தாமல்.