அப்பாவோட காபியும் யாரும் போகாத ஊரும்

வணக்கம் சார்,

வர்ற ஏப்ரல்ல அப்பா அம்மாவ ஐரோப்பா கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். பாரிஸ், சுவிஸ்னு எல்லாரும் போற இடம் வேண்டாம். யாருமே போகாத ஒரு ஊரா சொல்லுங்க. எத்தனை நாள் போதும், பட்ஜெட், விசா பத்தியும் சொன்னா நல்லாருக்கும். ஒரே பிரச்சனை அப்பாதான். எங்க போனாலும் காபி சரியில்லன்னு அலைய விடுவாரு, கொடைக்கானல்லயே அரை நாள் அப்படிப் போச்சு.

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

பட்ஜெட்லாம் என்கிட்ட கேக்காதீங்க, நான் கணக்குல வீக். விசாவுக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம், ஏப்ரல் பயணம்னா கடைசி நேரம் வரைக்கும் உக்காந்திருக்காதீங்க, அவ்ளோதான்.

"யாருமே போகாத ஊர்"னு எழுதிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருனு ஏறுச்சு. யாருமே போகலன்னா அங்க ரயில் எதுக்குய்யா நிக்குது? நான் சொல்லப்போற ஊர்ல ரெண்டு லட்சம் பேர் குடியிருக்காங்க. ட்ரியெஸ்டே. இத்தாலியோட வடகிழக்கு மூலையில, ஸ்லோவேனியா பார்டர ஒட்டி, வெனிஸ்ல இருந்து ரயில்ல சுமார் ரெண்டு மணி நேரம். வெனிஸ்ல கூட்டம் தாங்காம 2024ல இருந்து சில நாட்கள்ல பகல்ல வந்துட்டுப் போறவங்ககிட்ட நுழைவுக் கட்டணமே வாங்குறாங்க, ஆனா அந்தக் கூட்டத்துல பெரும்பாலானவங்க இங்க வரைக்கும் வர்றதில்ல. அதுக்காக யாரும் போகாத ஊருன்னு சொல்லிடாதீங்க, பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964ல ஆரம்பிச்ச இயற்பியல் மையம் அங்கதான் இருக்கு, நம்ம வட ஆற்காட்டுல தண்டரைங்கற கிராமத்துல பொறந்த கணித மேதை எம்.எஸ்.நரசிம்மன் 90கள்ல அங்க கணிதப் பிரிவுக்குத் தலைவரா இருந்தாரு. நமக்கு முன்னாடியே நம்மாளு போய் குப்பை கொட்டிட்டு வந்த ஊர் அது.

சரி, விஷயத்துக்கு வரேன். "ஒரே பிரச்சனை அப்பாதான்". இந்த வரிய ரெண்டு நாளா திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருக்கேன் தம்பி, ஏன்னா இதே வரிய நானும் சொல்லிருக்கேன், எழுத்துல இல்ல, கத்தி.

2017 ஏப்ரல். பாரிஸ். அம்மா சூட்கேஸ்ல பித்தளை ஃபில்டரும் அரைக் கிலோ காபித்தூளும் கொண்டு வந்திருந்தா. ரூம்ல கெட்டில் கிடையாது. காலைல ஆறு மணிக்கு எழுந்து புடவை மாத்தி உக்காந்துட்டு "கீழ போய் சுடுதண்ணி மட்டும் கேளேன்டா"ன்னு சொல்லுவா, எனக்கு பிரெஞ்சு வராது, வெக்கம் வேற, அதனால மூணாம் நாள் மெட்ரோ படிக்கட்டுல வச்சு "இவ்ளோ செலவு பண்ணி ஈஃபில் டவர் காட்டக் கூட்டிட்டு வந்தா காபிக்கு அழறியே"ன்னு கத்திட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு எடுத்த போட்டோ எல்லாத்துலயும் ஹேண்ட்பேக்க ரெண்டு கையாலயும் நெஞ்சோட பிடிச்சுட்டு நிக்கறா, பஸ் ஸ்டாண்டுல தனியா நிக்கறவ மாதிரி.

அதுக்கப்புறம் வெனிஸ்ல ரூம் வாடகை கட்டுப்படியாகாமதான் ட்ரியெஸ்டே போனோம். வேற ஒரு பெரிய ரசனையும் கிடையாது. போய் இறங்கினா காத்து. அதுக்கு போரான்னு பேரு, மலைப்பக்கத்துல இருந்து கடலை நோக்கி இறங்கும், உக்கிரமா அடிக்கறப்போ மணிக்கு 150 கிலோமீட்டர் தாண்டும், ஒரு காலத்துல ஜனங்க பிடிச்சு நடக்கறதுக்குத் தெருவுல கயிறு கட்டி வச்சிருப்பாங்களாம். நாங்க போனப்போ அதுல கால்வாசிகூட இருக்காது, அதுக்கே அம்மாவோட சால்வை பறந்து போயிருச்சு, தெருமுனையில ஒரு பெரியவர் எட்டிப் பிடிச்சுக் குடுத்தாரு. காத்துக்கு பயந்து பக்கத்துல இருந்த ஒரு காபி பாருக்குள்ள நுழைஞ்சோம். அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வச்சு 'இத்தனூண்டு'ன்னு அளவு காட்டினா. அந்த ஆள் "கபோ இன் பி?"ன்னு கேட்டான். நான் தலையாட்டினேன்.

குட்டிக் கண்ணாடி டம்ளர்ல வந்துச்சு. மேல நுரை. அம்மா அதை அண்ணாந்து, உதட்டுல படாம, ஊத்திக் குடிச்சா. பார்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. டம்ளரை வச்சுட்டு சொன்னா, "டிகாக்‌ஷன் நல்லா இறங்கிருக்கு. பால்தான் பத்தல."

அந்த ஊர்ல காபிக்குன்னு தனி பாஷையே இருக்கு. நீரோன்னா எஸ்பிரஸ்ஸோ, பால் சேராத கெட்டிக் காபி. கபோன்னா அதுல கொஞ்சம் பால், சின்ன கப்ல. கபோ இன் பின்னா அதே சமாச்சாரம் கண்ணாடி டம்ளர்ல. அங்க போய் கப்புச்சீனோ கேட்டா சின்னதுதான் வரும், நமக்குத் தெரிஞ்ச பெரிய கப்புச்சீனோ வேணும்னா கஃபே லாத்தேன்னு கேக்கணும். 1719ல அப்போ ஆஸ்திரியாவ ஆண்ட பேரரசர் ஆறாம் சார்லஸ் அதை வரியில்லாத் துறைமுகம்னு அறிவிச்சாரு, அதுக்கப்புறம் வியன்னாவுக்குப் போற காபி மூட்டை அந்த வழியாதான் இறங்குச்சு. 1869ல சூயஸ் கால்வாய் திறந்ததும் அங்க இருந்து பம்பாய்க்கே கப்பல் விட்டாங்க. இத அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ இது நம்மூர் கொட்டைதான்"னு முடிவே பண்ணிட்டா. அந்த டம்ளர்ல என்ன கொட்டைன்னு யாரு கண்டா, ஆனா அவ சொன்னதை சும்மா தள்ளிவிடவும் முடியாது, நம்ம நாட்டு காபிக்கொட்டைய இன்னிக்கு வெளிநாட்டுல அதிகமா வாங்கறது இத்தாலிதான்.

நான் லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன். மிராமாரே கோட்டை, ரோமானியர் காலத்து அரங்கம், பாலத்து மேல நிக்கற ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் சிலை. பாதிகூடப் பாக்கல. மூணாம் நாள் காலைல எழுந்து பாத்தா அம்மா ரூம்ல இல்ல, பதறிப் போய் கீழ ஓடினா அந்த பார்ல நின்னுட்டு இருக்கா, பக்கத்துல தனியா ஒரு சின்ன ஜக்ல பால் வச்சுக் குடுத்திருக்கான் அந்த ஆளு. ஒரு வார்த்தை இத்தாலியன் தெரியாது அவளுக்கு. அவனுக்கு "பத்தல"ங்கற வார்த்தை தெரிஞ்சிருந்துச்சு.

அதனால கே., கொடைக்கானல்ல உங்க அரை நாள வீணாக்கினது அப்பா இல்ல, அவரோட சேர்ந்து தேடாம வாட்ச்ச பாத்துட்டு நின்னீங்க பாருங்க, அதுதான். கோவிச்சுக்காதீங்க, நான் மெட்ரோ படிக்கட்டுல பண்ணத நீங்க மலையில பண்ணிருக்கீங்க.

நாலு நாள் போதும். ஏப்ரல்ல ஸ்வெட்டர் வேணும். சாயங்காலம் மோலோ அவுதாச்சேன்னு கடலுக்குள்ள நீளமா போற கல்பாலம் ஒண்ணு இருக்கு, அங்க அவங்களோட நடங்க, கைப்பிடி கிடையாது, அம்மா கையப் பிடிச்சுக்கோங்க. ஆமா, அப்பா சர்க்கரை போட்டுக் குடிப்பாரா, போடாமலா? அதை எழுதவே இல்லையே நீங்க. உங்களுக்குத் தெரியும்ல?