கார்பன் குறைந்த நெல்லுக்கும் ஆட்டக் கோட்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

நம் முடிவின் பலன் அடுத்தவர் முடிவையும் பொறுத்திருக்கும்போது, யார் எதைச் செய்வார் என்று கணக்கிடுவதே ஆட்டக் கோட்பாடு.

தாமிரபரணிப் பாசனத்துப் பிசானப் பருவ நெல்லையே பாருங்கள். எப்போதும் நீர் நிற்கும் வயலின் சேற்றில் காற்றுப் புகாது. அங்கே நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். நூறாண்டு கால அளவில் கணக்கிட்டால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்ற முறை இதைக் குறைக்கும்; அப்படி விளைவதே கார்பன் குறைந்த நெல்: துளையிட்ட குழாயை வயலில் பதித்து, அதில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபின் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் காயவிட்டால் பதர் கூடும், கவனம்.

நல்ல முறைதான், ஏன் பரவவில்லை? கால்வாய் விவசாயிக்கு நீரை மிச்சப்படுத்தினால் காசு வராது, வயல் காய்வதால் களை பெருகிக் களைக்கூலிதான் கூடும். நெல்லை வாங்கும் அரிசி ஆலையோ எல்லா நெல்லுக்கும் ஒரே விலை தருகிறது. மற்றவர் முதலில் இறங்கட்டும் என்று இருவரும் நிற்கிறார்கள்.

ஊர் வாய்க்கால் தூர்வாருவதும் இப்படித்தான். மற்றவர் எல்லாரும் போனால், போகாதவர் வயலுக்கும் தண்ணீர் வரும். வராத வீட்டுக்கு அபராதம் என்று ஊர் முடிவெடுத்தால் கணக்கு மாறிவிடும்.

ஆகவே ஆலை, களைக்கூலியைவிட அதிகமான கூடுதல் விலையை நடவுக்கு முன்பே எழுதித் தர வேண்டும். ஒரே மடையில் பாயும் வயல்கள் சேர்ந்தே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்வயல் நீர் கீழ்வயலில் வடிந்து கணக்கைக் கெடுக்கும். ஒப்பந்தம் பல பருவம் நீள்வது முக்கியம். ஒரு பருவத்தோடு முடிந்தால் வாக்குத் தவறுவதில் இழப்பு குறைவு.

'ஆட்டம்' என்றாலே ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; இந்த ஆட்டத்தில் விவசாயி, ஆலை இருவர் வரவும் சேர்ந்தே கூடலாம்.