மகள் மாடு வளர்ப்புப் படிக்கிறேன் என்கிறாள், வீடு ஏன் இடிந்து உட்கார்ந்திருக்கிறது?

போன சனிக்கிழமை ஹூஸ்டன் பக்கம் கேட்டியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் பேசியது. மகள் பன்னிரண்டாவது. பள்ளியில் எஃப்.எஃப்.ஏ. என்ற வேளாண் மாணவர் அமைப்பில் சேர்ந்து, காயடித்த காளைக்கன்று ஒன்றை ஒன்றரை வருடம் வளர்த்துக் கண்காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். இப்போது கறிக்கான மாடு வளர்ப்பைத்தான் கல்லூரியில் படிப்பேன் என்கிறாள். வீட்டில் எல்லோரும் சைவம். டாலஸ் பெரியம்மா தினமும் போன் போட்டு அழுகிறாராம். "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றார் அப்பா.

சொல்கிறேன், உங்களிடம்.

முதலில் அவள் நோட்டைப் பார்த்தீர்களா? எனக்குக் காட்டினாள். கன்று என்ன தின்றது, எடை எவ்வளவு ஏறியது, தீவனத்துக்கு எத்தனை டாலர், எந்த வாரம் எடை நின்றது, ஏன் நின்றது, எல்லாம் கையால் எழுதியிருக்கிறாள். பதினேழு வயதில் ஒரு தொழிலுக்குக் கணக்கு வைத்திருக்கிற பெண்ணை, மெடிசின் படி என்று ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும் தனியார் கல்லூரிக்கு அனுப்பத் துடிக்கிறீர்கள், அதுவும் கடன் வாங்கி. அந்தக் கடனைப் பெரியம்மா கட்டப்போவதில்லை.

சாப்பாட்டு விஷயம் உங்களுக்கு வலிக்கும், புரிகிறது. ஆனால் அதை அவள் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கன்றை ஏலத்தில் விட்டுவிட்டு வந்த அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை என்று அவள் அம்மாவே சொன்னார். அதற்கப்புறமும் இதுதான் வேண்டும் என்கிறாள்.

இனி கல்லூரி. நான் சொன்ன பெயரைக் கேட்டு அப்பா முகம் போன போக்கு எனக்கு மறக்காது. பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம், டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம். "அது கறுப்பர் காலேஜ் ஆச்சே" என்றார். ஆமாம். 1876இல் தொடங்கியது. கறுப்பினப் பிள்ளைகளைத் தென்மாநிலங்களின் மற்ற அரசு வேளாண் கல்லூரிகள் வாசலிலேயே நிறுத்திய காலத்தில், அவர்களுக்கும் அரசுப் பணத்தில் வேளாண் படிப்பு தர 1890இல் ஒரு சட்டம் வந்தது; அதன் பெயரால் '1890 கல்லூரிகள்' எனப்படும் 19இல் இதுவும் ஒன்று. எல்லா இனத்தவரையும் சேர்ப்பார்கள். 2022 கணக்கெடுப்பில் அமெரிக்க விவசாயிகளில் சுமார் 95 சதவீதம் வெள்ளையர், சராசரி வயது 58. அந்தக் கூட்டத்துக்குள் உங்கள் மகள் எப்படியும் தனியாகத்தான் நுழையப்போகிறாள். அப்படி நுழைந்தவர்களே பாடம் நடத்தும் இடத்தில் படிப்பதில் உங்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

மாட்டுப் படிப்பென்றால் சாணி அள்ளுவது என்று நினைக்கிறீர்கள். அதுவும் உண்டு. தோள்வரை கையுறை போட்டு, இரும்புக் கூண்டில் நிற்கும் பசுவின் பின்பக்கம் கையை விட்டு, குடல் சுவர் வழியே கருப்பையைத் தடவிச் சினை பார்க்கக் கற்றுத் தருவார்கள். இரண்டு மாதக் கரு என்றால் சுண்டெலி அளவு, மூன்று மாதம் எலி, நான்கு மாதம் சின்னப் பூனை. புத்தகத்தில் படித்து இது வராது, நூறு பசுவாவது தொட்டிருக்க வேண்டும். சினைக்காலம் ஏறக்குறைய 283 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். பசு மெலிந்திருந்தால் பிடிக்காது. அதனால் உடம்புக்கு 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பெண் போடுவார்கள், ஈனும்போது 5 அல்லது 6 இருக்க வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனிலிருந்து காளை விந்து உறைந்திருக்கும் மெல்லிய குழாயை எடுத்து வெதுவெதுப்பான நீரில் இளக்கிச் சினை ஊசி போடுவது, கறி கெடாமலிருக்கத் தடுப்பூசியைக் கழுத்தில் மட்டும் போடுவது, எந்தக் காளையின் வாரிசு எவ்வளவு எடை ஏறும் என்ற கணக்கு, இப்படிப் போகிறது படிப்பு.

டெக்சாஸ் வெயிலைத் தாங்கும் பிராமன் (Brahman) என்ற அமெரிக்க மாட்டினத்தின் திமில் நம் ஊர் ஓங்கோல், கிர் மாடுகளிடமிருந்து போனது. இதைப் பெரியம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், பலன் இருக்காது, இருந்தாலும் சொல்லுங்கள்.

பணத்தில் மட்டும் கறாராக இருங்கள். சாஃப்ட்வேர் சம்பளம் வராது. நிலம் வாங்கித் தருகிறேன் என்று வீட்டை அடகு வைக்காதீர்கள், முதல் சில வருடம் அவள் பிறர் பண்ணையிலோ தீவன நிறுவனத்திலோ வேலை பார்க்கட்டும். 1890 கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் வேளாண் துறை தரும் உதவித்தொகை கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாவற்றையும் ஏற்கும், பதிலுக்குப் படிப்பு முடித்து அந்த அரசுத் துறையிலேயே வேலை செய்ய வேண்டும். விண்ணப்பியுங்கள். ஆனால் 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவைத்துப் பிறகு திறந்தார்கள், அதனால் அதை நம்பி மட்டும் சேராதீர்கள். அது கிடைக்காவிட்டாலும் உள்மாநிலக் கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து அந்தத் தனியார் கல்லூரிச் செலவில் பாதிகூட ஆகாது.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது தரவரிசை கேட்காதீர்கள். மந்தையில் எத்தனை பசு, ஒரு மாணவிக்கு எத்தனை முறை சினை பார்க்கக் கிடைக்கும், ராத்திரி இரண்டு மணிக்குக் கன்று ஈனும்போது கொட்டகையில் யார் இருப்பார்கள், இதைக் கேளுங்கள். அம்மாவை நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள்.