அருவியாற்று முகத்துவாரத்து வயல்கள்: இருபது வருடத் திட்டத்தில் எதைக் கேட்பது?

கேள்வி: எங்கள் வயல்கள் மன்னார் மாவட்டத்தில் நானாட்டானுக்குக் கீழே, அருவியாறு கடலில் சேரும் பக்கம் இருக்கின்றன. காலபோகத்தில், அதாவது மாரிப் பயிர்க்காலத்தில், வெள்ளம். சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிர்க்காலத்தில், உவர். காலநிலை மாற்றத்துக்கான இருபது வருடத் திட்டம் ஒன்றுக்குக் கமக்காரர் அமைப்பின் கருத்தை இரண்டு மாதத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். முகத்துவாரத்தில் உவர்த் தடுப்பணை கட்டித் தாருங்கள் என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. தடுப்பணை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக் கொடுத்தால், எவ்வளவு உயரம் என்ற முதல் கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிடும். ஐ.நா.வின் காலநிலை நிபுணர் குழு 2021இல் தந்த கணக்குப்படி, உலகம் புகையை வேகமாகக் குறைத்தாலும் 2100இல் உலகக் கடல்மட்டம் 1995–2014 சராசரியை விட 28 முதல் 55 சென்ரிமீற்றர் வரை உயரலாம். உலகம் புகையைக் குறைக்காமலே போனால் 63 முதல் 101 சென்ரிமீற்றர் வரை உயரலாம். முழங்காலுக்குக் கீழே நிற்கலாம், இடுப்பளவும் வரலாம். பதித்துக் கட்டினால் ஒரு நாள் கடல் ஏறி வரும். உயர்த்திக் கட்டினால் மார்கழி வெள்ளம் வடிய வழியில்லாமல் உங்கள் வயலிலேயே கிடக்கும்.

ஆகவே படிப்படியான திட்டம் ஒன்றைக் கேளுங்கள். உவர் இந்த இடம் வரை வந்தால் இதைச் செய்வது, அதையும் தாண்டினால் அடுத்ததைச் செய்வது என்று இப்போதே எழுதி வைக்கும் திட்டம். அதற்கு உவர் இன்று எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். இதை யாரும் வந்து அளந்து தரும்வரை காத்திருக்காதீர்கள்.

ஆற்றங்கரையில் நின்று ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்து, "நல்ல தண்ணீர்தான்" என்று சொல்வது நம் ஆட்களின் வழக்கம். அது ஏமாற்றும். உவர்நீர் பாரம் கூடியது. நல்ல தண்ணீருக்கு அடியில், ஆற்றுப் படுக்கையோடு ஒட்டி உள்ளே நுழையும். ஒரு போத்தலின் அடியில் கல்லும் கழுத்தில் கயிறும் கட்டி, தக்கையில் தனிக் கயிறு முடிந்து, அடிவரை இறக்கியபின் தக்கையைச் சுண்டி இழுங்கள். குமிழி வந்து அடங்கியதும் தூக்கி, கையடக்க மின்கடத்துதிறன் மானியால் அளவிடுங்கள்; உவர் கூடக் கூட அது காட்டும் அளவும் கூடும். முகத்துவாரத்திலிருந்து மேலே நான்கைந்து இடங்களில், பறுவத்திலும் அமாவாசையிலும். கடல் கூடுதலாக ஏறும் நாட்கள் அவைதான். எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் திகதியோடு எழுதுங்கள்.

வயல் மண்ணையும் சோதிக்கக் கொடுங்கள். மண்ணின் உவர் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 சதவீதம் போகும். முளைத்த புதிதிலும் பூக்கும் நேரத்திலும் பயிர் கொஞ்சமும் தாங்காது. அந்த எல்லையை நெருங்கும் துண்டுகளுக்கு முதற்படி ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனம். அதற்கும் கட்டாத இடத்தில் சிறுபோகத்தை நிறுத்தி, அந்தக் கமக்காரருக்கு மேட்டில் பங்கு கொடுப்பது இரண்டாம் படி. அப்புறம்தான் தடுப்பணை. அதையும் திறந்து மூடும் கதவுகளோடு கேளுங்கள். அதற்கான இடத்தை மட்டும் இன்றே ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லச் சங்கடமான விஷயம். உவரைத் தள்ளி வைப்பது மேலிருந்து வரும் நல்ல தண்ணீர். ஆற்றில் மேலேயுள்ள தேக்கம் அணையில் அது கட்டுக்கரைக் குளத்துக்கும் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் திரும்பிவிடுகிறது. கோடையில் ஆற்றுக்கென்று கொஞ்சம் விடச் சொன்னால், நம் சொந்தக்காரரின் வாய்க்காலிலிருந்தே கேட்கிறோம். என்றாலும் கேட்கத்தான் வேண்டும். சிறுபோகக் கூட்டத்தில், எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு என்று தொகையாகப் பேசுங்கள். மணல் அகழ்வையும் அங்கேயே எடுங்கள். படுக்கை ஆழமானால் உவர் இன்னும் உள்ளே வரும்.

வெள்ளத்துக்கு வருவோம். 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு நெதர்லாந்துக்காரர் பல இடங்களில் அணைகளைப் பின்னுக்கு நகர்த்தி, ஆற்றுக்கு இடம் விட்டார்கள். கடலோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டிய நாடு அது. உங்களிடம் அந்த இடம் தரவையாக, அதாவது மேய்ச்சல் வெளியாக, இன்னமும் கிடக்கிறது. வெறும் நிலம் என்று அதைப் பிரித்துக் கொடுக்க விடாதீர்கள். காலபோகத்தில் மாடு கட்ட இடமில்லாமல் அலையும் பட்டிக்காரருக்கும் அதுதான் கதி.

ஆற்றின் மேற்பகுதியில், அநுராதபுரப் பக்கம், குளங்களின் வான்கதவு திறக்கும் செய்தி உங்கள் கைபேசிக்குத் தமிழில், நேரத்தோடு வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் வந்து சேர எத்தனை மணி நேரம் என்பது அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் செய்தியால் மாடு, கன்றைக்கூட அவிழ்க்க முடியாது.

கடைசியாக, தனியாகப் போகாதீர்கள். ஆற்றின் தென்கரை முசலிப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. உங்கள் வடகரையில் மட்டும் வெள்ள அணையை உயர்த்தினால் வெள்ளம் அவர்கள் மேல் போகும். அவர்கள் உயர்த்தினால் உங்கள் மேல் வரும். அரிப்புப் பக்கத்துக் கமக்காரரையும் மீனவரையும் இந்த வாரமே சந்தித்து, இரு கரையும் ஒப்பமிட்ட ஒரே கடிதமாகக் கொடுங்கள். கொப்பியின் முதல் பக்கங்களைப் பிரதி எடுத்து அதோடு இணையுங்கள்.