நவம்பர் வந்தாலே சரியும் காலேஜ் அணி: ரசிகர்கள் எப்படித் தாங்குகிறார்கள்?

கேள்வி: அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து, பல்கலைக்கழக அணிகள் ஆடுவது) பார்ப்பவர்கள், சீசன் கடைசியில் திரும்பத் திரும்பச் சரிகிற ஓர் அணியோடு எப்படிக் காலம் தள்ளுகிறார்கள்? பேசாமல் வேறு அணிக்கு மாறிவிடலாமே?

நான் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அணியின் ரசிகன். முதுகலை படிக்க அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷன் ஊருக்குப் போனபோது ஒட்டிக்கொண்டது, இன்றுவரை விடவில்லை. அங்கே படித்த தமிழ் மாணவர்கள் நிறையப் பேருக்கு இதே கதைதான். எங்கள் மைதானமான கைல் ஃபீல்டில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், ஆனால் மாணவர்கள் யாரும் உட்காருவதில்லை, ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே பார்ப்பார்கள். ஒருமுறை அப்படி நின்று பார்த்துவிட்டால் அப்புறம் வெளியே வருவது கஷ்டம்.

எங்கள் கடைசித் தேசியப் பட்டம் 1939இல். 2014, 2015, 2016 மூன்று சீசனும் அமர்க்களமாகத் தொடங்கி, மூன்றும் 8 வெற்றி 5 தோல்வி என்று ஒரே மாதிரி முடிந்தன. இதைப் பார்த்துவிட்டு "இது சாபம்", "இவர்களுக்கு நெஞ்சுரம் கிடையாது" என்று சொல்லும் ஆட்கள் எங்கள் பக்கமே அதிகம். நான் அதை ஏற்பதில்லை. எல்லா வருஷத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கினால்தான் முதுகு உடையும். ஒவ்வொரு வருஷமும் என்ன நடந்தது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன், எனக்கு அதுதான் உதவுகிறது.

2016ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 7 வெற்றி 1 தோல்வி, தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றான பிளேஆஃபுக்கு அணிகளைத் தேர்வுசெய்யும் குழுவின் முதல் தரவரிசையில் நான்காம் இடம். அந்த வாரமே மிசிசிப்பி ஸ்டேட்டுடன் ஆடும்போது குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ட்ரெவர் நைட்டுக்குத் தோளில் அடி. அந்த ஆட்டம் போனது, அடுத்து ஓல் மிஸ்ஸிடம் 29-28 என்று ஒரே ஒரு புள்ளியில் போனது. 2024இலும் அதே 7-1, நாங்கள் ஆடும் லீக்கான எஸ்இசியின் ஆட்டங்களில் அதுவரை தோல்வியே இல்லை, ஆனால் சவுத் கரோலினாவில் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) லெவியான் மாஸ் முழங்காலில் அடிபட்டு சீசனையே இழந்தார். பிறகு ஆபர்னிடம் நான்காவது ஓவர்டைமில் 43-41, பதின்மூன்று வருஷம் கழித்து எங்கள் மண்ணுக்கு வந்த பரம எதிரி டெக்சாஸ் பல்கலைக்கழக அணியிடம் 17-7, சீசன் முடிந்தபின் நடக்கும் லாஸ் வேகாஸ் பௌல் ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்துவிட்டு யுஎஸ்சியிடம் 35-31 என்று தோல்விகள். அந்தக் கடைசி ஆட்டத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை, இன்னும் வலிக்கிறது.

அட்டவணையையும் பாருங்கள். வழக்கமான சீசனுக்கு 12 ஆட்டம்தான், வாரத்துக்கு ஒன்று. செப்டம்பரில் பெரும்பாலும் பலம் குறைந்த அணிகள் வரும், நவம்பர் கடைசியில் எல்எஸ்யுவோ டெக்சாஸோ மாதிரி பலமான அணி நிற்கும். அதற்குள் உடம்பெல்லாம் அடி, நம் ஆட்டத்தின் வீடியோவை எதிரணிகள் கரைத்துக் குடித்திருக்கும். ஐபிஎல்லில் ஒரு அணி நாலு ஆட்டம் தோற்றாலும் மேலே வந்துவிடலாம். இங்கே ரெண்டு தோற்றாலே கழுத்துக்குக் கத்தி.

2025இல் 11-0 வரை போனோம். சவுத் கரோலினாவிடம் பாதி ஆட்டத்தில் 30-3 என்று பின்தங்கி, 31-30 என்று ஜெயித்த சீசன் அது. பிறகு ஆஸ்டினில் டெக்சாஸிடம் 27-17 தோல்வி. பிளேஆஃப் முதல் சுற்று எங்கள் மைதானத்திலேயே, மயாமியிடம் 10-3 தோல்வி. கடைசி நிமிஷத்தில் எதிரணி வாசல்வரை போய், புள்ளி எடுக்கும் எல்லையான எண்ட் சோனில் நாங்கள் எறிந்த பந்தை எதிரணிக்காரரே பிடித்துவிட்டார் (இன்டர்செப்ஷன்). மறுநாளே "பழைய ஏ அண்ட் எம்தான்" என்றார்கள். பதினோரு வெற்றியையும் அந்த ஒரு பந்து அழித்துவிடும் என்றால் செப்டம்பரிலிருந்து எதற்காகப் பார்த்தோம்?

சரி, நடைமுறையில் என்ன செய்கிறேன்? அக்டோபரில் பிளேஆஃப் கணிப்புகளைத் தொடுவதே இல்லை. பெரிய ஆட்டத்தைத் தனியாகப் பார்ப்பதில்லை, தோற்றால் கூடப் புலம்ப ஆள் வேண்டும். தோற்ற இரவு போனை வேறு அறையில் வைத்துவிடுவேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் ஆட்கள் இருபது வயதுப் பையன்களின் கணக்கில் போய் வசை எழுதுகிறார்கள். அதைச் செய்பவனை நான் ரசிகனாகவே மதிப்பதில்லை. எங்கள் மாணவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: சொந்த மைதானத்தில் தோற்றால் உடனே கிளம்ப மாட்டார்கள், அங்கேயே நின்று அடுத்த ஆட்டத்துக்கான கோஷத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கலைவார்கள். தொண்டை கட்டிப்போய் அந்தக் கூட்டத்தில் நின்றதைவிட எனக்கு ஆறுதல் தந்தது வேறெதுவும் இல்லை.

மாறுவது பற்றிக் கேட்டீர்கள். ஜார்ஜியா ரசிகர்கள் 1980 பட்டத்துக்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சமில்லை. 2018 ஜனவரியில் இறுதி ஆட்டம் அட்லாண்டாவில், பாதி ஆட்டத்தில் 13-0 என்று முன்னிலை, கடைசியில் ஓவர்டைமில் அலபாமாவிடம் 26-23. அதே ஆண்டு டிசம்பரில் எஸ்இசி இறுதியில் அதே ஊர், அதே அலபாமா, 28-14 என்று முன்னால் இருந்துவிட்டு மறுபடியும் தோல்வி. அன்று வெறுத்துப்போய் விலகியவர்கள் 2022 ஜனவரியில் அலபாமாவை 33-18 என்று வீழ்த்தியதை யாரோ ஒரு அணியின் வெற்றியாகத்தான் பார்த்திருப்பார்கள். நான் மாறப்போவதில்லை.